சிப்பின் முதுகில் ‘மலேசியா’: பழைய மெமரிக்கு ஏன் இந்தத் திடீர் கிராக்கி?

2025 இறுதியில் ரேம் விலை எகிறத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய கணினியைக் கழற்றி ரேமை விற்றால் காசு வருமா? பழைய சிப்புகளில் தங்கம் இருக்கிறதாமே? ‘மலேசியா’ என்று அச்சடித்த 1980களின் மெமரி சிப் ஒன்று கிடைத்தது, அப்படியென்றால் அந்தக் காலத்திலேயே மலேசியாவில் நாம் மெமரி தயாரித்தோமா? மூன்றுக்கும் சுருக்கமான பதில்: பெரும்பாலும் வராது, கொஞ்சம் இருக்கிறது, பாதி உண்மை. ஏன் என்று புரிய வேண்டுமானால் மெமரி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து வர வேண்டும். கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

மெமரி என்று எதைச் சொல்கிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். கணினி விளம்பரத்தில் ‘512 ஜிபி’ என்று இருப்பது சேமிப்பகம். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி வகையறா. ‘8 ஜிபி ரேம்’ என்பது வேறு. செயலி இந்த நொடியில் கையாண்டுகொண்டிருக்கும் எண்களை வைத்து எடுக்கும் இடம் அது. இங்கே பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

கணினிக்குத் தெரிந்தது 0, 1 இரண்டே. அப்படி ஒன்று ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, இரண்டு நிலைகளில் ஏதாவது ஒன்றில் நிற்கக்கூடிய ஒரு பொருளைப் பிடித்து, அதை ஆயிரக்கணக்கில் மலிவாக அடுக்க வேண்டும், மெமரி செய்கிறவர்களின் வேலை அவ்வளவுதான். 1940களிலிருந்து வந்த எந்த மெமரியையும் மூன்று கேள்விகளால் அளந்துவிடலாம்:

1. பிட் எதில் உட்கார்ந்திருக்கிறது? ஒலியிலா, மின்னூட்டத்திலா, காந்தத்திலா?
2. மின்சாரம் போனால் அது தங்குமா?
3. படித்தால் அழிந்துவிடுமா?

மூன்றாவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் முக்கியமான மெமரி வகைகளில் பல, படித்த மாத்திரத்தில் அழிந்துபோகிறவைதான். படித்ததும் உடனே திரும்ப எழுதிவிடுவார்கள், அதனால் நமக்குத் தெரிவதில்லை.

பாதரசமும் படக்குழாயும்

1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினி, பிட்டுகளை ஒலித் துடிப்புகளாகப் பாதரசக் குழாய்களுக்குள் அனுப்பியது. துடிப்பு மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைப் பிடித்து, பெருக்கி, மறுபடியும் முதல் முனையில் விடுவார்கள். ஓடிக்கொண்டே இருக்கும்வரை நினைவு உண்டு, நின்றால் போயிற்று. வேண்டிய பிட் சுற்றி வரும்வரை செயலி காத்திருக்க வேண்டியதுதான்.

அதற்கு ஒரு வருடம் முன்பே மான்செஸ்டரில் ஃபிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் வேறு வழி பிடித்திருந்தார்கள். தொலைக்காட்சிப் படக்குழாய் போன்ற ஒன்றின் முகப்பில் மின்னூட்டப் புள்ளிகளாகப் பிட்டுகளை எழுதினார்கள். 1948 ஜூன் 21 அன்று அவர்களுடைய இயந்திரம், மெமரியில் வைக்கப்பட்ட நிரலை முதன்முதலாக ஓட்டியது. அதன் மொத்த மெமரி 1024 பிட். புள்ளிகள் நொடியில் சிறு பங்குக்குள் கரைந்துவிடும், அதனால் விடாமல் படித்துப் படித்துத் திரும்ப எழுத வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையால் கோத்த காந்த மெமரி

பழைய கணினி சேகரிப்பவர்களிடம் எது பிடிக்கும் என்று கேட்டால் பாதிப்பேர் கோர் மெமரி என்பார்கள். காரணம் எளிது, அதில் பிட்டைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு கோர் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள். அவை சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கரிய ஃபெரைட் வளையம், 1960களின் இறுதித் தட்டுகளில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வளையங்கள் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சாய்ந்து நிற்கும். குறுக்கே 32 கம்பி, நெடுக்கே 32 கம்பி என்றால் 1024 வளையம், அதாவது 1024 பிட்.

வேலை செய்யும் விதம்தான் அழகு. வளையம் எந்தத் திசையில் காந்தமாகியிருக்கிறதோ அதுதான் 0 அல்லது 1. திசையை மாற்ற எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ அதில் பாதியை ஒரு குறுக்குக் கம்பியில் அனுப்புவார்கள், மீதிப் பாதியை ஒரு நெடுக்குக் கம்பியில். தனித்தனியாக இரண்டுக்கும் எந்த வளையத்தையும் புரட்டும் வலு கிடையாது. இரண்டும் சந்திக்கும் அந்த ஒரே வளையம் மட்டும் புரளும். படிப்பதற்கு, அந்த வளையத்தை 0 பக்கம் தள்ளிப் பார்ப்பார்கள். அது ஏற்கெனவே 1 ஆக இருந்து புரண்டால், எல்லா வளையங்களுக்குள்ளும் ஓடும் இன்னொரு கம்பியில் சின்னதாக ஒரு துடிப்பு வரும். ஆக, படித்ததும் அழிந்துவிட்டது. உடனே திரும்ப எழுத வேண்டும். ஆனால் மின்சாரம் போனாலும் காந்தம் போகாது. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று பதில் சொன்ன முக்கிய மெமரி இது.

ஹார்வர்டில் இருந்த ஆன் வாங் 1949இல் இதன் ஒரு பகுதிக்குக் காப்புரிமை கேட்டார், எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டரின் குழு 1953இல் வேர்ல்விண்ட் கணினியில் முழுதாகப் பொருத்திக் காட்டியது. வாங்கின் காப்புரிமையை 1956இல் ஐபிஎம் 5 லட்சம் டாலருக்கு வாங்கியது.

இதை யார் கோத்தார்கள்? பெரும்பாலும் பெண்கள், ஊசியும் உருப்பெருக்கியும் வைத்துக்கொண்டு. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலக் கணினியின் நிரலே கம்பிதான்: வளையத்துக்குள் கம்பி போனால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. 36,864 சொற்கள் கொண்ட அந்த நிலை மெமரியை அமெரிக்காவில் ரேதியான் ஆலையின் பெண்கள் கோத்தார்கள். நிரலில் ஒரு பிழை திருத்துவது என்றால் கம்பியைப் பிரித்து மறுபடி கோப்பது என்று பொருள். 1960களில் சாதாரண வணிகக் கணினிகளின் கோர் வேலை, கூலி குறைந்த ஆசிய நாடுகளுக்கு நகர்ந்தது. பின்னாளில் மலேசியாவின் பினாங்குக்குச் சிப் வேலை வந்த கணக்கும் இதே கணக்குதான்.

ஒரு ஒப்பீட்டுக்கு, இன்றைய 8 ஜிபி ரேமை வளையங்களால் செய்தால் ஏறத்தாழ 6,872 கோடி வளையம் கோக்க வேண்டும்.

சிப்புக்குள் வந்த மெமரி

1966இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டுக்கு ஒரு யோசனை வந்தது, 1968இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்பதே அது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இதுதான் டிராம். சிக்கல் என்னவென்றால் அது ஓட்டைக் குடம். நிரப்பி வைத்தால் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வரிசை வரிசையாகப் படித்து, மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் பிரபலமான 4116 என்ற 16 கிலோபிட் சிப்பில் 128 வரிசைகளையும் 2 மில்லிநொடிக்குள் ஒரு சுற்று புதுப்பித்தாக வேண்டும்.

மேலே சொன்ன மூன்று கேள்விகளை இங்கே போட்டுப் பாருங்கள். மின்னூட்டத்தில் இருக்கிறது, மின்சாரம் போனால் தங்காது, படித்தால் அழியும், விடாமல் புதுப்பிக்க வேண்டும். 1948 மான்செஸ்டர் குழாய் தந்த அதே பதில்கள்! உங்கள் கைப்பேசியில் இருக்கும் ரேமும் அடிப்படையில் அந்தச் சாதிதான். இடையில் வந்து, அணைத்தாலும் மறக்காமல் இருந்த கோர் மெமரியை விலையும் அளவும் ஓரங்கட்டிவிட்டன. அதைத் தொடங்கி வைத்தது 1970 அக்டோபரில் இன்டல் விற்பனைக்கு விட்ட 1103 சிப். ஒரு தட்டு முழுக்கக் கோத்த அந்த 1024 பிட், ஒரே சிப்புக்குள் வந்துவிட்டது.

அப்படியானால் ‘மலேசியா’ முத்திரை?

இன்டல் அப்போது மெமரி விற்றுப் பிழைத்த நிறுவனம், செயலியால் அது பெரிய பெயர் எடுத்தது பிற்பாடு. அந்த இன்டல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு பினாங்கு முதலமைச்சரான லிம் சோங் யூவின் அரசு, வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சமாளிக்க மாநில மேம்பாட்டுக் கழகம் அமைத்து, வரிவிலக்குள்ள தடையற்ற வணிக வட்டாரத்தைத் திறந்திருந்தது. நேஷனல் செமிகண்டக்டர், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி என்று வரிசையாக வந்தார்கள்.

ஆனால் இங்கே வந்தது சிப் தயாரிப்பின் பின்பாதி. முன்பாதி, அதாவது சிலிக்கன் வட்டத்தட்டின் மேல் சுற்றுகளைப் பதிப்பது, அமெரிக்காவிலேயே நடந்தது. பினாங்கில் நடந்தது இது:

1. தட்டிலிருந்து அறுத்த சிலிக்கன் துண்டை ஒரு சட்டத்தில் ஒட்டுவது.
2. துண்டின் விளிம்பிலிருந்து சட்டத்தின் கால்களுக்கு முடியை விட மெல்லிய தங்கக் கம்பி இழுத்துப் பற்றவைப்பது (பாண்டிங்). அக்காலத்தில் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, ஒவ்வொரு காலாகக் கையாலேயே செய்தார்கள்.
3. மேலே பிசினோ பீங்கானோ வைத்து மூடுவது.
4. சோதித்து, எண்ணும் நாட்டின் பெயரும் அச்சடிப்பது.

இரண்டாவது வேலையில் உட்கார்ந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, வந்த மலாய்ப் பெண்கள் அதிகம், சீனப் பெண்களும் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்களும் உண்டு. கம்பெனி பஸ், மூன்று ஷிப்ட், முடியை மூடும் தொப்பி. உங்கள் வீட்டில் அம்மாவோ பெரியம்மாவோ ‘அந்தக் காலத்தில் பாயான் லெப்பாஸில் வேலை செய்தேன்’ என்றால், பாண்டிங்கா டெஸ்டிங்கா என்று கேளுங்கள், அப்புறம் பேச்சு நிற்காது.

ஆக, முத்திரை பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. சிலிக்கன் அங்கே பிறந்தது, சிப்பாக இங்கே ஆனது. பினாங்கில்தான் ஆனது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. கோலாலம்பூர்ப் பக்கம் சுங்கை வே, உலு கிள்ளான் வட்டாரங்களிலும் பெரிய நிறுவனங்கள் இதே வேலையைச் செய்தன. நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் 8237 போல நான்கு இலக்கம் இருந்தால், முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 1982ஆம் ஆண்டின் 37ஆவது வாரம் என்று வாசிக்க வேண்டும். பாகத்தின் எண்ணும் நாலு இலக்கமாகவே இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

‘மூடுகிற வேலைதானே’ என்று இதைச் சிலர் தாழ்த்திப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. 1978இல் இன்டலின் டிராம் சிப்புகளில் பிட்டுகள் காரணமே இல்லாமல் புரளத் தொடங்கின. திமதி மே, மர்ரே வுட்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் துருவியபோது குற்றவாளி சிலிக்கன் அல்ல, பீங்கான் உறை என்று தெரிந்தது. அதில் கலந்திருந்த சொற்ப கதிரியக்கப் பொருளின் ஆல்பா துகள்கள் மின்தேக்கிகளின் மின்னூட்டத்தைக் குலைத்தன. ஓர் உறை ஆலை பழைய யுரேனியச் சுரங்கத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுநீரைப் பயன்படுத்தியதுவரை கதை போகிறது. உறை சரியில்லை என்றால் மெமரியும் சரியில்லை. இன்றும் உலகின் சிப் பொதிதலிலும் சோதனையிலும் மலேசியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். பினாங்கின் ‘பத்து காவான்’ என்ற ஊரில் மெமரி நிறுவனமான மைக்ரானின் ஆலை இருப்பதும் இந்த வழியில் வந்ததுதான்.

விலை ஏன் இப்படித் தாவுகிறது?

மெமரி, விளைபொருள் மாதிரி விற்கப்படும் சரக்கு. எந்தக் கம்பெனியின் 16 ஜிபியும் 16 ஜிபிதான், அதனால் போட்டி விலையில் மட்டும். ஆலை கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும், தேவையோ மாதக்கணக்கில் மாறும். 1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் விலையை அடித்துத் தள்ளியதில், 1103ஐத் தந்த இன்டலே 1985இல் டிராம் வியாபாரத்தை விட்டு வெளியேறியது. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ ஆலை ஒன்று வெடித்தபோது மெமரி விலை கிடுகிடுவென ஏறியது. அங்கே சிப் தயாரிக்கவில்லை, சிப்பை மூடும் கறுப்புப் பிசினுக்கான மூலப்பொருளைத் தயாரித்தார்கள். உலகத் தேவையில் பாதிக்கும் மேல் அந்த ஒரே இடத்திலிருந்து.

இப்போதைய கதை வேறு. டிராம் சந்தையில் 90 விழுக்காட்டுக்கு மேல் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பேரின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் வாங்கும், சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெமரியில் லாபம் அதிகம், ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 தயாரிப்பையும் படிப்படியாகக் குறைக்கிறார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூசியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. கோலாலம்பூரின் லோ யாட் கணினிக் கடைகளில் ரேம் விலை கேட்டுத் தலைசுற்றுவதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

சரி, உங்கள் பெட்டியில் இருப்பதற்கு என்ன மதிப்பு?

பழசாக இருப்பதால் மட்டும் மெமரிக்கு விலை வராது. அதைப் போட்டு ஓட்ட ஓர் இயந்திரம் எங்கேயாவது காத்திருக்க வேண்டும், அல்லது அலமாரியில் வைத்துப் பார்க்க ஒரு சேகரிப்பாளர் வேண்டும்.

1. டிடிஆர்4: இன்றும் லட்சக்கணக்கான கணினிகளில் ஓடுகிறது, புதியது குறைகிறது. நிச்சயம் போகும்.
2. டிடிஆர்3: அலுவலகப் பழங்கணினிகளுக்குக் கொஞ்சம் போகும்.
3. டிடிஆர்1, அதற்கு முந்தைய எஸ்டிராம்: மலை மலையாகக் கிடக்கிறது. இன்றைய தட்டுப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, புதிய கணினியில் பொருந்தவும் பொருந்தாது.
4. 30 பின், 72 பின் சிம் (SIMM, கைப்பேசிச் சிம் அல்ல) துண்டுகள்: 386, 486 செயலி கொண்ட பழைய கணினிகளை வைத்திருப்பவர்களுக்குத் தேவை. சின்னச் சந்தை, ஆனால் உண்மையான சந்தை.
5. 1970களின் வெள்ளைப் பீங்கான், தங்க மூடிச் சிப்புகள், கோர் தட்டுகள்: இவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். தயவுசெய்து உருக்காதீர்கள்.

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரேம் துண்டின் விளிம்பில் மின்னுவது தங்கப் பூச்சுதான், ஆனால் அதன் தடிமன் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதைச் சுரண்ட வீட்டில் அமிலம் வைத்து விளையாடுவது நுரையீரலுக்குக் கேடு, கிடைக்கும் தங்கமோ அமிலச் செலவுக்குக் காணாது. மின்னியல் கழிவு மலேசியாவில் எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டில் பட்டியலிடப்பட்ட கழிவு. உரிமம் பெற்ற சேகரிப்பு இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

ஏன் இந்த ஏக்கம்?

விலை ஒருபுறம் இருக்கட்டும், 640 கிலோபைட் மெமரி கொண்ட கணினிக்கு ஏங்குகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. பழைய கணினியைப் போட்டதும் திரையில் மெமரி எண் ஏறிக்கொண்டே போகும் இல்லையா, அது அலங்காரம் அல்ல. ஒவ்வோர் இடத்திலும் எழுதி, படித்து, சரிபார்த்துக்கொண்டு போகும் எண்ணிக்கை. 640 என்ற எல்லையும் யாரோ கிறுக்கன் போட்டதல்ல. முதல் ஐபிஎம் பிசியின் 8088 செயலியால் 1 மெகாபைட்டுக்கு மேல் முகவரி போட முடியாது, அதில் 384 கிலோபைட்டைத் திரைக்கும் மற்றதுக்கும் ஐபிஎம் ஒதுக்கியது, மீதி 640. கணினியின் முழு வரைபடமும் ஒரு மனிதனின் தலைக்குள் அடங்கியது. சிப் கெட்டால் விரல் வைத்துப் பார்க்கலாம், மற்றவற்றைவிடச் சுட்டால் அதுதான் ஆள். கழற்றி மாற்ற ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் போதும். இன்றைய லேப்டாப்பில் பலகையோடு பற்றவைத்த ரேமை என்ன செய்வீர்கள்?

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அன்றைய திரை அட்டைகளில் எழுத்து வடிவங்கள் மாற்ற முடியாத ஒரு மெமரி சிப்பில் இருந்தன, ஆங்கிலம் மட்டும். திரையில் ‘அ’ வர வேண்டுமென்றால் அந்தச் சிப்பை மாற்ற வேண்டும், அல்லது வரைகலை முறையில் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும், அல்லது பின்னால் வந்த அட்டைகளில் எழுத்துருவை மெமரியில் ஏற்ற வேண்டும். முத்து நெடுமாறன் கோலாலம்பூரில் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியது இந்தச் சூழலில், 1980களின் நடுவில்.

வைத்துக்கொள்வதாக இருந்தால்

நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்று எதிரிகள். முதலாவது, 386, 486 பலகைகளில் பீப்பாய் வடிவில் இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி. அது கசிந்தால் பலகையின் செம்புத் தடங்களையே தின்றுவிடும், ஓடுகிறதோ இல்லையோ இன்றே வெட்டி எடுங்கள். கசிந்த இடம் காரத்தன்மை கொண்டது, அதாவது அமிலத்துக்கு எதிரானது. வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். இரண்டாவது ஈரம். வெள்ளி முலாம் பூசிய கால்கள் கறுத்துப்போகும், அதனால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பழைய கறுப்பு நுரைப்பஞ்சில் குத்தி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது பொடிந்து கால்களில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வெளிச்சம், ஈப்ராம் சிப்புகளுக்கு மட்டும். 1971இல் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய இந்த வகையில் சிப்பின் நடுவே ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும், புற ஊதா ஒளி அடித்தால் உள்ளே இருப்பது அழியும். நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரமும் அறையின் குழல்விளக்கில் மூன்று ஆண்டும் போதும் என்று தயாரிப்பாளர் குறிப்புகளே சொல்கின்றன. ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் பழுப்பேறிய ஸ்டிக்கரை அழுக்கு என்று உரித்துவிடாதீர்கள். உரிந்துபோயிருந்தால் ஒரு துண்டு அலுமினியத் தாளை ஒட்டி, உள்ளே இருப்பதை முதலில் ஒரு ரீடரில் போட்டு நகல் எடுத்து வையுங்கள்.